இரண்டு விரற்கடை குறைவு

பிப்ரவரி 4

அண்ணிக்கு,

நலம் விசாரித்து ஆரம்பித்தால், ஆறு வருஷமாக எங்கே போயிருந்தது இந்த விசாரிப்பு என்று கேட்பீர்கள். நியாயம்தான். நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

சென்ற மாதம் நான் திவால் மனு கொடுத்துவிட்டேன். வங்கிகளில் இரண்டு கடன், தனி ஆட்களிடம் பதினொன்று. கல்லூரிச் சம்பளத்தை வைத்து எல்லாவற்றையும் அடைக்க எத்தனை வருஷம் ஆகும் என்று கணக்குப் போட்டேன். எனக்கு எண்பத்தேழு வயதாகும்போது முடிகிறது. அதைப் பார்த்த பிறகுதான் கையெழுத்திட்டேன்.

அந்தப் பதினொன்றில் ஒன்று உங்களுடையது. மூன்று லட்சம். உங்கள் தம்பி இறந்து ஒரு வருஷம் கழித்து வாங்கியது. தேதி எனக்குச் சரியாக நினைவில்லை. துணி அளவு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் நீங்கள் குறித்து வைத்திருப்பீர்கள்.

மனுவோடு ஒரு பட்டியல் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு கடனுக்கும் எட்டுக் கட்டங்கள். முதல் ஆறும் சுலபம். முகவரி, தொகை, தேதி என்று போகும். ஏழாவது கட்டம், கடன் கேட்கும்போது சொன்ன காரணம். எட்டாவது, பணம் உண்மையில் எதற்குச் செலவானது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டிருக்கிறார்கள். உண்மை என்று உறுதிமொழி கொடுத்துக் கையெழுத்திட வேண்டும். முழுப் பட்டியலின் நகல் பதினொரு பேருக்கும் போகும். ஏப்ரல் 30 கடைசி நாள்.

போன் செய்தேன், நீங்கள் எடுக்கவில்லை. எழுத்தில் இருந்தால்தான் செல்லும் என்று வக்கீலம்மாவும் சொன்னார். தேதியையும் தொகையையும் உறுதி செய்து ஒரு வரி எழுதுங்கள்.

எட்டாம் கட்டத்தைப் பற்றி உங்களிடம் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தக் கடிதத்தில் முடியவில்லை.

உங்கள் தம்பி மனைவி


பிப்ரவரி 10

வாத்தியாரம்மாவுக்கு,

கவர்ல உன் கையெழுத்தைப் பார்த்ததும் பணத்தைத்தான் திருப்பி அனுப்பிட்டியோன்னு நெனச்சேன். ஆசையைப் பாரு எனக்கு.

தேதி ஆகஸ்ட் 19. தொகை மூணு இல்ல, மூணு நாப்பது. அடுத்த மாசம் ஒரு நாப்பதாயிரம் அனுப்பினேனே, அது காத்துல போயிருச்சா? காலேஜ்ல பாடம் நடத்துறவளுக்கு எட்டாவது படிச்ச நான் கணக்குச் சொல்லித் தரவேண்டியிருக்கு.

அது என்ன ஏழாம் கட்டம், எட்டாம் கட்டம்? ரெண்டுலயும் ஒரே பதிலை எழுதிட்டுப் போ. புருஷன் மருந்துக்கடைக்குச் சரக்கு எடுத்த வகையில மொத்த வியாபாரிக்குப் பாக்கி வச்சிட்டுப் போயிட்டார், அதை அடைக்க வாங்கினேன்னு. அப்படித்தானே என் தையல் கடை வாசல்ல நின்னு சொன்னே? அன்னிக்கு நல்ல மழை. உள்ள வான்னு எத்தனை தடவை கூப்பிட்டேன். நனைஞ்சுக்கிட்டே நின்னே.

எம்பிராய்டரி மெஷினை வித்துத்தான் கொடுத்தேன். அதுக்கு வருத்தம் இல்ல, மெஷின் இன்னிக்கு வரும் நாளைக்குப் போகும். ஆனா பக்கத்து வீட்டுல ஒரு ஊசி இரவல் வாங்கினாலும் பொழுது சாயறதுக்குள்ள கொண்டு போய்க் கொடுக்கிற பய என் தம்பி. அவனா பாக்கி வச்சான்னு முதல்ல நான் நம்பல. அப்புறம் நம்பினேன். நம்பின அன்னிக்குக் கடைச் சுவர்ல இருந்த அவன் போட்டோவைக் கழட்டி பீரோவுக்குள்ள கவுத்து வச்சேன். உயிரோட இருந்தா நாலு கேள்வி கேக்கலாம். செத்தவன்கிட்ட எப்படிச் சண்டை போடுறது?

என் கால் வழக்கம்போலத்தான். இடது கால் ரெண்டு விரற்கடை குறைவுங்கறதை மறந்துட்டு வளரவா போகுது? அவன் என் செருப்புக்கு ஒட்டிக் கொடுத்த அடி ரெண்டு வருஷம் தாங்கும். இப்ப ஒருத்தர் ஒட்டித் தர்றார், ரெண்டு மாசத்துல வாயைப் பொளக்குது.

என்னத்தைத் தனியாச் சொல்லணும்? சொல்லு.

அண்ணி


பிப்ரவரி 17

அண்ணிக்கு,

நான்கு முறை எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது. சொல்ல வேண்டியதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன்.

உங்கள் தம்பி யாருக்கும் கடன் வைக்கவில்லை.

அவர் இறந்தபோது மொத்த வியாபாரிக்குப் பாக்கி எதுவும் இல்லை. காலாவதியான மருந்துகளுக்கு அந்த வியாபாரிதான் அவருக்குக் கொஞ்சம் தர வேண்டியிருந்தது, தந்தும்விட்டார். உங்கள் கடை வாசலில் நான் சொன்னது பொய். உள்ளே வராமல் நின்றதற்குக் காரணம் அதுதான். அதன் பிறகு உங்கள் பக்கம் தலை காட்டாததற்கும்.

பணம் ஒரு கல் குவாரிக்குப் போனது.

இங்கிருந்து நாற்பது கிலோமீட்டரில், பாதி வெட்டி விட்டுப்போன பழைய குவாரி ஒன்று இருக்கிறது. மணற்கல் படிவங்களைக் காட்ட மாணவர்களை அங்கே அழைத்துப் போவேன். உங்கள் தம்பி இறந்த இரண்டாம் மாதம், வீட்டில் இருக்க முடியாமல் ஒரு மாலை நான் மட்டும் போனேன். வெயில் சாய்ந்து தரையோடு தரையாக வந்துகொண்டிருந்தது. பாறைத் தரையில் வரிசையாகக் குழிகள் தெரிந்தன. மதியத்தில் பலமுறை அவற்றின் மேலேயே நடந்திருக்கிறேன், எதுவும் தெரிந்ததில்லை. அந்த வெயிலில் மட்டும் ஒவ்வொரு குழிக்குள்ளும் நிழல் தண்ணீர்போலத் தேங்கி நின்றது. எண்ணினேன். நாற்பத்தொன்று. அதற்கப்பால் வரிசை இன்னும் வெட்டப்படாத பாறைச் சுவருக்குள் போய்விடுகிறது.

ஏதோ ஒன்று இரண்டு கால்களில், ஈர மண்ணில், நடந்து போயிருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. அந்தப் படிவத்தின் வயது ஏறக்குறைய பத்துக் கோடி வருஷம். மண் கல்லாகிவிட்டது. நடை மட்டும் அப்படியே கிடக்கிறது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் போன அந்த இரண்டு மாதங்களில் நான் மூச்சுவிட்டது அந்த ஒரு மணி நேரம்தான்.

தோன்றியது என்றுதான் எழுத முடியும். அளந்து, படம் எடுத்து, ஓர் ஆய்விதழுக்கு அனுப்பினேன். இரண்டு நிபுணர்கள் படித்தார்கள். இவை தண்ணீர் அரித்த குழிகள், நடக்கும் விலங்காக இருந்தால் அடிகளின் இடைவெளி இப்படித் தாறுமாறாக இருக்காது என்று திருப்பி அனுப்பினார்கள். அவர்கள் இடத்தில் இருந்திருந்தால் நானும் அதையே எழுதியிருப்பேன்.

அதற்குள் குவாரிக்காரர் மறுபடி வெடி வைக்க ஏற்பாடு செய்தார். கேட்டதற்கு, மாதக் குத்தகை கொடுத்தால் வைக்கவில்லை என்றார். கொடுக்க ஆரம்பித்தேன். அவர் வருஷா வருஷம் ஏற்றினார்.

நிரூபிக்க முடியாத ஒன்றுக்குக் கடன் கொடுங்கள் என்று எந்த முகத்தோடு கேட்பது? நூலகரிடம் பல் கட்ட வேண்டும் என்றேன். மாடி வீட்டுக்காரரிடம் சுவர் ஒழுகுகிறது என்றேன். பதினொரு பேருக்குப் பதினொரு காரணம். வேறு எந்தக் காரணத்தைச் சொன்னாலும் நீங்கள் துருவி விசாரிப்பீர்கள். அதனால் உங்களிடம் அவர் பெயரைச் சொன்னேன். மறுத்துப் பேச முடியாதவர் அவர் ஒருவர்தான்.

இந்தக் கடைசி வரியைத்தான் நான்கு முறையும் கிழித்தேன்.


பிப்ரவரி 24

கல்லுக்கா?

பத்து வரி எழுதி அடிச்சிட்டேன். படிக்கிற மாதிரி இல்ல.

ஆறு வருஷம் என் தம்பி முகத்தைப் பார்க்காம இருந்தேன். அதுக்கு நீ எந்தக் கட்டத்துல காரணம் எழுதுவே?

இனிமே எழுதாதே.


மார்ச் 12

அண்ணிக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். உங்களைக் கேட்காமல் ஒரு முடிவை எடுக்கக் கூடாது என்பதற்காக மட்டும் எழுதுகிறேன்.

நேற்று வக்கீலம்மாவைப் பார்த்தேன். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர், என்னைவிட உலகம் தெரிந்தவர்.

"எட்டாம் கட்டத்துல 'குடும்பச் செலவு'ன்னு போடுங்க மேடம். பாதிப் பேர் அதைத்தான் போடறாங்க. குவாரி, குழின்னு எழுதினா ஊதாரித்தனம்னு முடிவு கட்டிருவாங்க. கடன்ல இருந்து விடுபட இன்னும் ரெண்டு வருஷம் இழுக்கும்" என்றார்.

"ஆனால் அது உண்மையில்லையே" என்றேன்.

"அந்தக் கட்டத்தோட அகலமே ரெண்டு இஞ்ச்தான் மேடம். அதுக்குள்ள எவ்வளவு உண்மை அடங்கிடும்?"

'குடும்பச் செலவு' என்று எழுதினால் குவாரிக் குத்தகையைப் பற்றி யாருக்கும் தெரியாது. கொடுக்கப் பணமில்லாமல் அது ஏப்ரலோடு முடியும். மே மாதம் வெடி வைப்பார்கள். உண்மையை எழுதினால் குத்தகையை என் சொத்தாகக் காட்ட வேண்டும். ஒன்றுக்கும் உதவாத சொத்து என்று திவால் அதிகாரி கைகழுவிவிடுவார். அப்போதும் மே மாதம் வெடி வைப்பார்கள். எப்படிப் பார்த்தாலும் கல் போய்விடும். அதற்காக உங்களை நான் கேட்கவில்லை.

கேட்பது உங்கள் தம்பியைப் பற்றி. ஏழாம் கட்டத்தில் நான் சொன்ன பொய்யை உள்ளபடி எழுதினால், அவர் பெயர் அந்தப் பொய்யோடு சேர்ந்து பதினொரு பேர் கைக்கும் போகும். மழுப்பி எழுதினால், அது உங்களோடும் என்னோடும் நின்றுவிடும். எது வேண்டும் என்று சொல்லும் உரிமை உங்களுக்குத்தான் இருக்கிறது.

இன்னொன்று. உங்கள் பணம் எங்கே கிடக்கிறது என்று பார்க்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. போகச் சொல்லவில்லை. வழியை மட்டும் பின்பக்கத்தில் வரைந்திருக்கிறேன். காவல்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். மாலை ஐந்தரைக்கு முன்னால் போனால் வெறும் பாறைதான்.


மார்ச் 29

வாத்தியாரம்மாவுக்கு,

போனேன். உன்கிட்ட சொல்லாமத்தான் போனேன். ராத்திரி ரயில்ல கிளம்பி, ரெண்டு பஸ் மாறி, கடைசி ஒரு மைல் ஒரு டிராக்டர்ல தொத்திக்கிட்டு. உன் படத்துல ஆலமரம் போட்டிருந்தே. அங்க அது வெட்டுப்பட்டு வருஷக்கணக்காச்சாம். நீ கல்லைத் தவிர வேற எதையும் பார்க்கறதில்லன்னு அதுலயே தெரிஞ்சுது.

நான் அந்தக் கல்லைப் பார்க்கப் போகல. பார்த்துட்டு, காறித் துப்பிட்டு வரணும்னு போனேன். ஒளிச்சு என்ன பண்ண?

காவல்காரர் கேட்டார், "நீங்க யாரும்மா?"

"இந்தக் கல்லுக்குக் கடன் கொடுத்தவ"ன்னேன்.

என்னை மேலயும் கீழயும் பார்த்தார். "வட்டி வசூல் பண்ண வந்தீங்களா?"

"அசலே வரல, வட்டிக்கு எங்க போக? டீச்சர் இங்க வந்து என்னதான் பண்ணுவாங்க?"

"அதை ஏம்மா கேக்குறீங்க. வருவாங்க. சின்ன பிரஷ்ஷால தரையைக் கூட்டுவாங்க. உக்காந்து பார்த்துக்கிட்டே இருப்பாங்க. இருட்டினதும் போயிருவாங்க. ஒரு நாள் அழுதாங்க. புருஷன் போனதுல இருந்து இப்படின்னு நாங்களே பேசிக்குவோம். அவங்ககிட்ட சொல்லிராதீங்க."

சொல்லிட்டேன்.

செருப்பைக் கழட்டச் சொன்னார், அது உன் சட்டமாம். கழட்டினதும் நான் நொண்டுறதைப் பார்த்துட்டு ஸ்டூல் கொண்டு வந்து போட்டார். நாலரைக்குப் போனேன், ஒரு மண்ணும் தெரியல. இதுக்கா என் மெஷின் போச்சுன்னு வயிறு எரிஞ்சுது. அஞ்சரை ஆச்சு. வெயில் கீழ வந்துது. அப்புறம் என்ன ஆச்சுன்னு எனக்குச் சொல்லத் தெரியல. யாரோ வரிசையா விளக்கை ஏத்தற மாதிரி, ஆனா வெளிச்சத்துக்குப் பதிலா இருட்டை ஏத்தற மாதிரி, ஒண்ணொண்ணா நிறைஞ்சுது. நான் எழுந்து நின்னுட்டேன். காவல்காரரும் பக்கத்துல வந்து குனிஞ்சு பார்த்தார். அத்தனை வருஷமா அங்க இருக்கற மனுஷன், உன்னைத் தூரத்துல இருந்து பார்த்ததோட சரி, அந்த நேரத்துல அந்தப் பக்கம் வந்ததே இல்லையாம்.

இப்ப நான் சொல்றதைக் கவனமாக் கேளு.

குளிச்சிட்டு ஈரக் காலோட சிமெண்ட் தரையில நடந்து போய் நான் திரும்பிப் பார்ப்பேன். சின்ன வயசுல இருந்து பழக்கம். ஒரு அடி நெட்டை, ஒரு அடி குட்டை, ஒரு அடி நெட்டை, ஒரு அடி குட்டை. அம்பது வருஷத்துக்கு மேல அதைப் பார்த்துக்கிட்டு இருக்கேன். வாத்தியாரம்மா, அது அங்க கிடக்கு. கல்லுல.

டேப் எப்பவும் என் பையில இருக்கும். ஸ்டூலை விட்டுட்டு மண்டி போட்டு அளந்தேன். இருபத்தாறரை இஞ்ச், இருபத்தெட்டு, இருபத்தாறரை, இருபத்தெட்டு. முன்ன பின்ன கால் இஞ்ச் வரும், துணியிலயும் அப்படித்தான் வரும். இடது காலை ஊணினா வலிச்சிருக்கு, அதான் மத்த காலை அவசரமாக் கீழ வச்சிருக்கு. இருபத்திரண்டாவது வரைக்கும் இப்படியே போகுது. இருபத்திரண்டும் இருபத்திமூணும் பக்கத்துல பக்கத்துல இருக்கு. அது என்னன்னு உனக்குத் தெரியுமா? நின்னிருக்கு. மார்க்கெட்டுக்குப் போற வழியில நான் நிக்கிற மாதிரி. நல்ல கால்ல பாரத்தைப் போட்டு, கெட்ட காலைப் பக்கத்துல சும்மா வச்சுக்கிட்டு. அப்புறம் கிளம்பும்போது கெட்ட காலைத்தான் மறுபடி முதல்ல எடுத்து வச்சிருக்கு. நானும் அப்படித்தான் கிளம்புவேன். நல்ல கால்தானே ஊணித் தள்ளணும்?

தண்ணி நொண்டுமா? நீயே சொல்லு.

இருட்டற வரைக்கும் அந்த இருபத்திமூணாவது அடிகிட்ட நின்னேன். அதுக்குச் செருப்பு ஒட்டிக் கொடுக்க யாரும் இருந்திருக்க மாட்டாங்க. அதை நெனச்சதும் அவன் ஞாபகம் வந்துருச்சு.

உன் கேள்விக்குப் பதில். ஏழாம் கட்டத்துல நீ என் கடை வாசல்ல சொன்னதை ஒரு எழுத்து மாறாம எழுது. எட்டாம் கட்டத்துல நடந்ததை எழுது. பதினொரு பேரும் படிக்கட்டும். என் தம்பிக்குக் கடன் இல்லைன்னு முத்திரை குத்தின காகிதம் ஒண்ணு என் கைக்கு வரணும். ரெண்டு இஞ்ச் கட்டம்னா தனித் தாள் ஒட்டு. துணி பத்தலைன்னா நாங்க ஒட்டுப் போடறதில்லையா?

உன்னை இன்னும் மன்னிக்கல. அது வேற விஷயம்.

மூணு நாப்பது கொடுத்தவ


ஏப்ரல் 6

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை நான் முதலில் நம்பவில்லை. உங்கள் காலை நீங்கள் அந்தக் கல்லில் பார்த்துவிட்டீர்கள் என்று நினைத்தேன். பார்க்கும் இடமெல்லாம் மனிதர்கள் தங்களைத்தான் பார்ப்பார்கள், எச்சரிக்கையாக இருங்கள் என்று இருபது வருஷமாக வகுப்பில் சொல்லி வருகிறேன். அதனால் உங்கள் அளவுகளை ஒதுக்கி வைத்துவிட்டு, ஏழு வருஷத்துக்கு முன் நான் எடுத்த அளவுகளை எடுத்தேன்.

நான் செய்த தவறு என்ன தெரியுமா? சராசரி எடுத்தது. நாற்பது இடைவெளிகளையும் ஒன்றாகப் போட்டுக் கூட்டி வகுத்திருக்கிறேன். ஒருமுறை சந்தேகப்பட்டு ஒற்றை எண் அடிகளையும் இரட்டை எண் அடிகளையும் பிரித்துப் பார்த்தேன். அப்போதும் வித்தியாசம் வரவில்லை. ஏன் வரவில்லை என்று முந்தாநாள்தான் புரிந்தது. நீங்கள் சொன்ன அந்த இடத்தில் அது நின்று, அதே காலில் மறுபடி கிளம்பியதால் வரிசை மாறிவிடுகிறது. அதுவரை ஒற்றை எண்ணில் விழுந்த இடது கால் அதற்குப் பின் இரட்டை எண்ணில் விழுகிறது. ஒன்று மற்றொன்றை அழித்துவிட்டது. இருபத்திரண்டையும் இருபத்துமூன்றையும் நான் 'ஒழுங்கற்றவை' என்று குறித்து விட்டுவிட்டேன்.

நின்ற இடத்தில் வரிசையை இரண்டாகப் பிரித்து மறுபடி கணக்கிட்டேன். எங்கும் பிசகவில்லை. நெட்டை, குட்டை, நெட்டை, குட்டை. கடைசி எண் வரை. இடைவெளி தாறுமாறாக இருக்கிறது என்றுதானே நிபுணர்கள் மறுத்தார்கள்? அவர்கள் காட்டிய குறைதான் சாட்சி.

மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். இத்தனை வருஷம் அங்கே நான் பார்த்தது ஓர் அதிசயத்தை. நேற்றுப் பார்த்தது ஒரு நடையை. இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. ஏதோ ஒன்றுக்குக் கால் வலித்திருக்கிறது. அது நின்றிருக்கிறது. பிறகு போயிருக்கிறது. அப்போது இந்த உலகத்தில் மனிதக் கண் என்று ஒன்று கிடையாது. அதற்குப் பிறகு மலைகள் வந்தன, கடல் வந்து போனது, அந்த வலியை யாருக்கும் தெரியாது. அதைத் தெரிந்துகொண்ட முதல் ஆள் நீங்கள். கையில் ஒரு துணி டேப்போடு.

உங்கள் கால் இரண்டு விரற்கடை குறைவு, அதன் அடியும் இரண்டு விரற்கடை குறைவு. அது தற்செயல். அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனாலும் எழுதி வைக்கிறேன்.

தனித் தாள் ஒட்டுகிறேன்.


மே 22

அண்ணிக்கு,

பட்டியல் பதிவாகிவிட்டது. முத்திரையோடு உங்களுக்கு நகல் வரும். அதற்கு முன் உங்கள் வரிசையில் நான் எழுதியதை நீங்கள் என் கையெழுத்தில் படிக்க வேண்டும்.

ஏழாம் கட்டம்: "என் கணவர் மருந்து மொத்த வியாபாரிக்குப் பாக்கி வைத்துவிட்டு இறந்தார், அதை அடைக்க வேண்டும் என்று கூறினேன்."

எட்டாம் கட்டம்: "மேற்கண்டது பொய். என் கணவர் இறக்கும்போது அவருக்கு எவரிடமும் எந்தக் கடனும் இருக்கவில்லை. பணம் முழுவதும் ஒரு விலங்கின் காலடித் தடங்கள் உள்ள குவாரியின் குத்தகைக்குச் செலவானது. அவை காலடித் தடங்களே என்பதை எனக்குக் காட்டியவர், இந்தப் பொய்யைச் சொல்லி நான் யாரிடம் கடன் வாங்கினேனோ அவரே."

வக்கீலம்மா படித்துவிட்டு, "இது கட்டம் இல்ல மேடம், கடிதம்" என்றார். ஆனால் நிறுத்தவில்லை.

போன வாரம் அதிகாரி சொத்துகளைப் பார்வையிட வந்தார். எந்நேரமும் தும்மிக்கொண்டிருக்கும், எதிலும் அக்கறை காட்டாத மனிதர். வீட்டை ஐந்து நிமிஷத்தில் பார்த்து முடித்தார். குவாரிக்கு ஐந்தரைக்குத்தான் போக வேண்டும் என்றேன். சலித்துக்கொண்டார். போனதும் காவல்காரர் அவரிடம், "செருப்பைக் கழட்டுங்க சார். இது இடது கால், இது வலது கால், இங்க நின்னிருக்கு பாருங்க" என்று தொடங்கிவிட்டார். அன்று நீங்கள் சொல்லிக் கேட்டதை அப்படியே ஒப்பிக்கிறார். வெயில் சாய்ந்தது. அதிகாரி கொஞ்ச நேரம் தும்மவே இல்லை. குனிந்து ஒரு தடத்தைத் தொடப் போய், கையை இழுத்துக்கொண்டார்.

பிறகு கோப்பைத் திறந்து, "மதிப்பு என்னன்னு போடட்டும்மா?" என்று கேட்டார்.

சுழியம் என்று சொல்வேன் என்றுதான் நானே நினைத்தேன். "தெரியாது" என்றேன்.

"தெரியாதுன்னா தெரியாதுன்னே எழுதறேன்" என்றார். "ஆனா ஒண்ணு. மதிப்பு தெரியாத சொத்துன்னு பதிவாயிட்டா, அது தெரியற வரைக்கும் யாரும் அதுல கை வைக்க முடியாது. குவாரிக்காரரும்தான். அருங்காட்சியகத்துக்கு எழுதிக் கேக்கணும். அவங்க பதில் போட ஒரு வருஷம் ஆகும், ரெண்டு வருஷமும் ஆகும்."

'குடும்பச் செலவு' என்று எழுதியிருந்தால் இந்த மாதம் அங்கே தூசிதான் மிஞ்சியிருக்கும்.

ஊதாரித்தனம் என்ற தீர்ப்பும் வந்துவிட்டது. நான் கடனிலிருந்து விடுபட இன்னும் இரண்டு வருஷம். அதுவரை சம்பளத்தில் ஒரு பகுதியைப் பிடித்துப் பதினொரு பேருக்கும் பிரித்துத் தருவார்கள். வீடு போகிறது. கல்லூரிக்குப் பின்னால் ஓர் அறை பார்த்திருக்கிறேன். நூலகர் நகலைப் படித்துவிட்டு வந்து, "ஆறு வருஷமா உங்க பல்லைக் காட்டித்தான் எல்லாரையும் நீங்க சொன்ன பல் டாக்டர்கிட்ட அனுப்பினேன்" என்றார். சிரிப்பாரா, திட்டுவாரா என்று தெரியாமல் நின்றேன். இரண்டையும் செய்தார். மாடி வீட்டுக்காரர் இன்னும் பேசவில்லை. மற்றவர்களைப் பார்க்க ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு வீட்டுக்குப் போகிறேன்.

உங்கள் வாசலுக்கும் வர வேண்டும். எப்போது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.


ஜூன் 15

வாத்தியாரம்மாவுக்கு,

காகிதம் வந்துருச்சு. முத்திரை கொஞ்சம் கோணலா குத்தியிருக்காங்க, ஆனா எழுத்து தெளிவா இருக்கு. கடையில தைக்கிற மூணு பேரையும் மெஷினை நிறுத்தச் சொல்லிட்டு சத்தமாப் படிச்சேன். 'எவரிடமும் எந்தக் கடனும் இருக்கவில்லை'ங்கற வரியை ரெண்டு தடவை படிச்சேன். காஜா எடுக்கிற பொண்ணு அதையெல்லாம் விட்டுட்டு, "என்னக்கா விலங்கு அது?"ன்னு கேட்டா. "நொண்டி விலங்கு, என்னை மாதிரி"ன்னேன்.

தொகை மூணு நாப்பதுன்னு சரியாப் போட்டிருக்கே. நல்லது. அதுல ஒரு பைசா தள்ளுபடி கிடையாது, அவங்க பிரிச்சுக் கொடுக்கிறதை வாங்கிப்பேன். நீ ஒண்ணும் தப்பா நெனச்சுக்காதே, எனக்கு மெஷின் வாங்கணும்.

போட்டோவை எடுத்து மறுபடி மாட்டினேன். ஆறு வருஷம் கவுந்து கிடந்ததுல கண்ணாடிக்கு உள்ள ஒரு ஓரம் பூத்துப்போச்சு. அவன்கிட்ட நாலு வார்த்தை பேசினேன். அது உனக்கு எழுதறதுக்கு இல்ல.

அந்தச் சுவருக்குள்ள போகுதே மிச்ச நடை, அதைப் பத்தியே யோசிச்சுக்கிட்டு இருக்கேன். துணி வெட்டும்போது கூட அதான் ஓடுது. உன்னைக் கேட்டா, பார்க்காம ஒண்ணும் சொல்ல முடியாதுன்னுதான் சொல்வே. நான் சொல்றேன், குறிச்சு வை. முதல் அடிக்கு முன்னாடி அது எவ்வளவு தூரம் நடந்துச்சோ தெரியாது. எப்படியும் இருபத்திரண்டு அடி நடந்துதான் நின்னிருக்கு. நின்ன இடத்துல இருந்து நாப்பத்தொண்ணு வரைக்கும் நிக்காமப் போயிருக்கு. அதனால நாப்பத்தஞ்சுக்கு முன்னாடி நிக்காது. ஆனா அறுபதுக்குள்ள கண்டிப்பா நிக்கும். ரெண்டு கால் தடமும் பக்கத்துல பக்கத்துல இருக்கும். கிளம்பும்போது இடது காலைத்தான் மறுபடி எடுத்து வச்சிருக்கும்.

அருங்காட்சியகத்துக்காரங்க அந்தச் சுவரைத் தோண்டும்போது ஒவ்வொண்ணா எண்ணிப் பாரு. அப்படி இல்லைன்னா நான் சொன்னது தப்புன்னு ஒத்துக்கறேன். இருந்துச்சுன்னா தந்தி அடிக்கிற மாதிரி ஒரே வரி எழுது, போதும்.

வாசலுக்கு எப்ப வரட்டும்னு கேட்டிருக்கே. மழைக்காலத்துல வராதே. வெயில் நாள்ல வா. வந்தா உள்ள வந்து உக்காரு.

வரும்போது செருப்புக்கு ஒட்டுறதுக்கு நல்ல ரப்பர் அடி ஒண்ணு வாங்கிட்டு வா. தடிமன் ரெண்டு விரற்கடை. என் விரலுக்கு அளக்கணும், உன் விரலுக்கு இல்ல.

அண்ணி